மேனேஜருக்குச் சளி வந்த வழி

மேனேஜருக்கு உடம்பு சரியில்லை என்று அலுவலகக் குழுவில் காலை ஏழே காலுக்குச் செய்தி வந்தது. ராத்திரியிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, இரண்டு தடவை தும்மினார், மீனைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "உங்க மேனேஜர் ராத்திரியெல்லாம் ஆபீஸ்லதான் படுப்பாரா?" என்றார்.

"தொட்டியில படுப்பாரு."

"ஓ, அந்த மேனேஜரா."

நான் வேலை பார்ப்பது கடலோரத்தில் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையில். வலையில் சிக்கியும் படகில் அடிபட்டும் கரை ஒதுங்கும் கடல்நாய்களைத் தூக்கி வந்து, தேற்றி, திரும்பக் கடலில் விடுவோம். கடல்நாய் என்பது அகராதிக்காரர்கள் சொல்வது, எங்கள் வாயில் சீல்தான் வரும். அப்போது எங்களிடம் பன்னிரண்டு சீல்கள், ஒன்பது ஆட்கள். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்று டாக்டர் எண் மட்டும்தான் கொடுப்பார். ஆனால் பதினேழாம் எண் வந்து இறங்கிய அன்றைக்கே தொட்டி விளிம்பில் இரண்டு துடுப்பையும் ஊன்றி, மீசையை முன்னால் நீட்டி, கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்தது. லீவு கேட்டால் கிடைக்காது என்கிற பார்வை. மீன் போடும் அண்ணன் தன்னையறியாமல் "வணக்கம் மேனேஜர் சார்" என்று சொல்லிவிட்டார். அதோடு எண் போயிற்று. எங்களுக்கு நிஜ மேனேஜர் என்று ஒருவர் கிடையாது, எல்லாம் டாக்டர்தான். அதனால் குழப்பமும் இல்லை.

என் பங்கு, சீல்களுக்கு வரும் வைரஸ்களின் மரபணுவை வாசிப்பது. என் அறை ஒரு காலத்தில் மீன் சாமான் வைத்திருந்த அறை. எத்தனை தடவை கழுவினாலும் மழை பெய்தால் பழைய வாசனை சுவரிலிருந்து எழுந்து வரும். மேஜையில் ஸ்டேப்ளர் அளவில் ஒரு வாசிக்கும் கருவி, மூலையில் எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும் ஒரு உறைபெட்டி. வேறு ஒன்றுமில்லை.

"பட்டம் படிச்சு, அதுக்கு மேல படிச்சு, அதுக்கும் மேல படிச்சு, கடைசியில மீசைக்காரனுக்கு மூக்கு துடைக்கிற வேலை" என்பார் என் மாமனார். அவர் முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஓய்வு பெற்றது அவர்தான், குரல் இன்னும் பெறவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் தன் உப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவார். அந்தத் தொண்டையின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூடச் சளின்னு லீவு போட்டதில்ல" என்பதை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டாக வேண்டும்.

அன்று காலை அவர் நடைப்பயிற்சி முடித்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேனேஜருக்குச் சளி என்று கணவர் சொன்னதும் ஒரு செருப்போடு அப்படியே நின்றார்.

"ரொம்பவா?"

"தெரியல மாமா, போய்த்தான் பாக்கணும்."

"நல்லாப் பாரும்மா" என்றார். மூக்கு துடைக்கிற வேலை என்று சொல்லவில்லை. கிளம்புகிற அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. அவர் சாதாரணமாகப் பயப்படுகிற ஆள் இல்லை. கடிக்க வரும் சீலிடம் "வாயை மூடு" என்று சொன்னால் அது மூடிக்கொள்ளும். ஆனால் சீல்களுக்கு ஒரு வைரஸ் உண்டு. நாய்களுக்கு வரும் டிஸ்டம்பருக்கு உடன்பிறப்பு, நம் தட்டம்மைக்குப் பங்காளி. ஒரே கோடையில் ஆயிரக்கணக்கான சீல்களைக் கரையில் கிடத்தியிருக்கிறது. அதுவும் முதலில் மூக்கு ஒழுகலில்தான் தொடங்கும்.

"அதுவா இருந்தா பன்னண்டு பேரும் போச்சு" என்றார் டாக்டர். "எப்ப சொல்லுவீங்க?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"நாளைக்கு மத்தியானம்."

மேனேஜரின் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தது டாக்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் குழாயை வாங்கிக்கொண்டேன். புதிதாக வரும் சீலைத் தனித்தொட்டியில் ஆறு வாரம் வைப்போம். அங்கே டாக்டரும் மீன் அண்ணனும் தவிர வேறு யாரும் போகக் கூடாது, அவர்களும் முகக்கவசம், கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சளி இருப்பவர்கள் வாசலோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நானே போன வாரம் காய்ச்சல் வந்து ஐந்து நாள் வீட்டில் கிடந்தேன். இப்படிப் பூட்டி வைத்த இடத்துக்குள் எந்த வைரஸ் எப்படி வந்தது என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் மதியம் பன்னிரண்டேகாலுக்கு விடை வந்தது. நான் அதை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

"பங்காளி இல்ல டாக்டர்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப என்ன?"

"ஃப்ளூ. பி வகை."

கண் திறந்தது. "பியா? அது மனுஷங்களோடதாச்சே."

"ஆமா. மனுஷங்ககிட்டதான் குடித்தனம். எப்பவாவது சீலுக்குத் தாவும்."

"அப்படின்னா" என்று டாக்டர் மெதுவாக எழுந்தார், "யாரோ நம்ம மேனேஜர் மூஞ்சியில தும்மியிருக்காங்க."

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. கடந்த மூன்று வாரத்தில் யாருக்கெல்லாம் சளி என்று விசாரணை. மீன் அண்ணன் கை தூக்கினார், அவர் நான்கு நாள் லீவில் இருந்தவர். அலுவலகக் குமாஸ்தா, தலையைக் குனிந்துகொண்டு, லேசாக என்றார். பிறகு நான். மூவருடைய மாதிரியும் கைவசம் இருந்தது. வேலைக்கு வர முடியாதவர்கள் ஒரு குச்சி கொடுத்தனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. என்னுடையது உறைபெட்டியில் என் கையெழுத்திலேயே கிடந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று குமாஸ்தா பயத்தோடு கேட்டார். சொன்னேன். இந்த வைரஸ் என்பது பதினாலாயிரத்துச் சொச்சம் எழுத்து, அவ்வளவுதான். அது உடம்புக்குள் போனதும் தன்னைத்தானே பிரதி எடுத்துத் தள்ளும். வேகமாக எழுதுகிறவர்களுக்கு எழுத்துப்பிழை வராமல் இருக்குமா? அங்கொன்று இங்கொன்று வரும். அடுத்த ஆளுக்குத் தொற்றும்போது பிழையோடு சேர்ந்துதான் போகும். பரீட்சையில் இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தால் வாத்தியார் என்ன முடிவுக்கு வருவார்? அதேதான்.

"என் தப்பு அதுல இருக்காது மேடம்" என்றார் குமாஸ்தா உறுதியாக.

இல்லைதான். அவருடைய வைரஸுக்கும் மேனேஜருடையதற்கும் இருபத்தொன்பது எழுத்து வித்தியாசம். ஊர் ஒன்றாக இருந்தாலும் வேறு கிளை. மீன் அண்ணனுடையது முப்பத்துமூன்று. மூன்றாவது மாதிரிக்கு வித்தியாசம் இரண்டே எழுத்து.

மூன்றாவது என்னுடையது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். உறைபெட்டி முனகிக்கொண்டிருந்தது. என் மூக்கில் குடியிருந்த வைரஸுக்கும் நான் ஒரு தடவைகூடக் கிட்டே போகாத ஒரு சீலின் மூக்கில் இருந்ததற்கும் இரண்டு எழுத்துதான் இடைவெளி. இதை யாரிடமும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, இந்தக் கட்டடத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஒரு காபி குடித்து முடிக்கும் நேரம் அந்த யோசனை என்னோடு உட்கார்ந்திருந்தது. பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தேன். கால் ரப்பர் பூட்ஸ் போட்டதுபோல் கனத்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான் தொட்டிப் பக்கமே போகல டாக்டர். சத்தியமா."

"வைரஸ் பஸ் ஏறி வந்துச்சா?"

"நடுவுல ஒருத்தர் இருக்கணும். என்கிட்ட வாங்கி, இங்க கொண்டுவந்து குடுத்த ஒருத்தர். ரெண்டு எழுத்து வித்தியாசம் அதைத்தான் சொல்லுதுன்னு நினைக்கிறேன்."

"யாரு அந்த மகராசன்?"

"ரெண்டு நாள் குடுங்க."

என்னிடம் வாங்கியவர்கள் என்றால் வீட்டில் இருப்பவர்கள்தான். வீட்டில் மொத்தமே மூன்று பேர். கணவருக்கு எனக்கு அடுத்த நாளே காய்ச்சல் வந்தது. அவர் என்னைவிட அதிகமாக முனகி, உறைபெட்டியைத் தோற்கடித்தார். குச்சி கேட்டதும் மூக்கைக் கொடுத்துவிட்டார். நல்லவேளையாக அதில் வைரஸ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மாமாவிடம் கேட்டேன்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் சளியே வராதே."

"போன வாரம் ரெண்டு நாள் இருமினீங்க."

"அது தூசி."

"கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சே மாமா."

"தூசின்னா கண்ணு சிவக்காதா?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தொண்டையைச் செருமினார். சன்னல் கதவு அதிர்ந்தது.

மறுநாள் காலை துணி துவைக்கப் போடும் கூடையில் நான் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது கணவர் வந்து நின்றார்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல."

"கையில என்ன?"

நீலக் கரை போட்ட கைக்குட்டையை நான் கையுறையோடு பிடித்திருந்தேன். ஓரத்தில் மாமாவுடைய பெயரின் முதல் எழுத்து நூலால் தைத்திருந்தது.

"எங்க அப்பா கர்சீப்பையா திருடுற?"

"திருடல. கடன் வாங்குறேன்."

"எங்க அப்பா மேல சந்தேகப்படுறியா? அவருக்கும் சீலுக்கும் என்ன சம்பந்தம்? அவரு காலையில பார்க்குக்குப் போறாரு, வர்றாரு, பேப்பர் படிக்கிறாரு."

"தூசின்னு சொன்னாருல்ல, தூசியான்னு பாக்கப்போறேன்."

கணவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னொண்ணும் இருக்கு பாரு" என்றார்.

கைக்குட்டையில் தூசி இல்லை. வைரஸ் இருந்தது. என்னுடையதில் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தது. மேனேஜருடையதைப் பக்கத்தில் வைத்தேன். அதே இடத்தில், அதே எழுத்து, அதே மாற்றம். அதோடு புதிதாக இன்னொன்று. கணவருடைய வைரஸில் அந்த மாற்றம் இல்லை, அவர் வேறு ஏதோ சொந்தமாகப் பிழை செய்து வைத்திருந்தார். ஆக வழி தெளிவாகிவிட்டது. நான், மாமா, மேனேஜர். கணவர் பக்கவாட்டில் ஒரு சந்து.

ஆனால் முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலையத்தில் இருந்த மனிதர் பூட்டிய வேலிக்குள் இருக்கும் சீலை எங்கே பார்த்தார்? காகிதம் அதைச் சொல்லாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் அவர் ஆறு மணிக்கு நடைக்குக் கிளம்பிய அடுத்த நிமிடமே நானும் கிளம்பினேன். பார்க் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம். அவர் வலப்பக்கம் திரும்பினார். கடலோரச் சாலையில் நிமிர்ந்த முதுகோடு, நேரத்துக்கு வரவேண்டிய ஆள் நடக்கும் நடை. மருத்துவமனையின் பின்வாசலில் காவலாளி எழுந்து நின்று, "வாங்கய்யா" என்று கதவைத் திறந்துவிட்டார். மூடும் முன்பு நான் உள்ளே காலை வைத்துவிட்டேன்.

காவலாளிக்கு என்னைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொண்டது.

"மேடம், அது வந்து... ஐயா உங்க வீட்டுப் பெரியவர்தானேன்னு..."

விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு நடந்தேன். பின்வாசலையும் தனித்தொட்டியையும் பிரிப்பது மார்பளவுச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை என்று நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. சுவருக்கு இந்தப் புறம் ஒரு முக்காலி. முக்காலிக்கு முன்னால் மாமா, சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி. ஒரு முறை செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

தண்ணீரில் ஒரு சலசலப்பு. மீசை முதலில் வந்தது, பிறகு தலை.

"தொட்டியின் வடக்கு மூலையிலிருந்து புறப்படும் மேனேஜர் அதிவிரைவு வண்டி, இன்னும் சற்று நேரத்தில் வாளி இருக்கும் தெற்கு மூலைக்கு வந்து சேரும். உடல்நலக் குறைவால் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறோம்."

மேனேஜர் தலையை உயர்த்தி "ஊஊ" என்றது. அடைத்த மூக்கோடு, கரகரவென்று. ஆனால் பதில்தான், சந்தேகமே இல்லை. பிறகு மெல்லத் தெற்கு மூலைக்கு நீந்திப் போய் வாளிப் பக்கம் பார்த்தது. சாப்பிடவில்லை, மோந்து பார்த்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணே ஒண்ணு சாப்பிடுடா" என்றார் மாமா. அறிவிப்புக் குரல் இல்லை அது. வீட்டில்கூட நான் கேட்டிராத குரல். "மூணு நாளாச்சு. எங்க மருமக உனக்கு என்னன்னு பாக்குறா. கெட்டிக்காரி. கண்டுபிடிச்சிருவா."

நான் அப்போது இருமிவிட்டேன். என்னுடையது நிஜமாகவே தூசி.

மாமா திரும்பினார். "வாக்கிங் வந்தேம்மா" என்றார்.

"தெரியுது மாமா."

விஷயம் இப்படி. ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க வந்திருக்கிறார். காவலாளி உட்காரச் சொல்லியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ அழுதுகொண்டே இருந்திருக்கிறது. புதிதாக வந்த மேனேஜர்தான், அப்போது அது நான்கு நாளாக எதையும் தின்னவில்லை. மாமா எட்டிப் பார்த்து, என்ன பேசுவது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடமாக வாயில் இருந்தது ஒன்றுதான். அழுகை நின்றது. வாளியில் இருந்த மீனையும் மேனேஜர் தின்றுவிட்டது. மறுநாளும் வந்து பார்த்தார், மறுநாளும் தின்றது. மூன்று வாரம் இப்படியே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று வாரமும், மேனேஜர் சாப்பிடத் தொடங்கியதற்குக் காரணம் தன் கைராசி என்று மீன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் தன் மாத அறிக்கையில், புதிதாகச் சேர்த்த சத்து மாத்திரை நல்ல பலன் தந்தது என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும். உக்காருங்க" என்றேன். "மேனேஜருக்கு வந்தது மனுஷங்க ஃப்ளூ. உங்ககிட்ட இருந்துதான் போயிருக்கு."

"எனக்குத்தான் சளியே இல்லையே!"

"கர்சீப் வேற மாதிரி சொல்லுது."

"அதைத் துவைக்கப் போட்டேனேம்மா."

"துவைக்கிறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ஒரு தும்மல் போட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மாமாவின் நிமிர்ந்த முதுகு முக்காலியில் மெல்ல மடிந்தது.

"என்னாலயா?" என்றார். "நான் ஆறுதலுக்குத்தான் வந்தேன்."

"முதல்ல என்னாலதான் மாமா. உங்களுக்குக் கொடுத்ததே நான்தான்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்காலி இரண்டு பேரைத் தாங்கக் கூடியது இல்லை, பாதி விழுந்து பாதி உட்கார்ந்தபடிதான் அந்த ஆறுதல் நடந்தது.

டாக்டர் எட்டு மணிக்கு வந்தார். காவலாளிக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"ஐயா, பெரியவங்க நீங்க, கோபமாப் பேச வரல. ஆனா புரிஞ்சுக்கோங்க. ஒரு சீலுக்கு வந்தா நான் பாத்துக்குவேன். இதோட கடலுக்குப் போயிருந்தா? பாறையில நூறு சீல் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக் கிடக்கும். ஒருத்தன் தும்முனா எல்லாருக்கும். நூறு உடம்புல போய்ப் போய், அந்த வைரஸ் சீலுக்குத் தகுந்த மாதிரி எழுத்தை மாத்திக்கும். அப்புறம் ஒரு நாள் திரும்ப நம்மகிட்ட வந்தா, நம்ம உடம்புக்கு அதை அடையாளமே தெரியாது."

"மாறுவேஷத்துல வரும்ங்கறீங்க."

"அதேதான்."

"நான் இனிமே வரல டாக்டர்" என்று மாமா எழுந்தார். என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போனார். பின்வாசல் கதவை அவரே மூடிவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாள் இருந்ததுபோல் எங்கள் வீடு என்றைக்கும் அமைதியாக இருந்ததில்லை. உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டிக் காட்டினார். கீழ்வீட்டுக்காரர் என்னைப் படியில் நிறுத்தி, பெரியவர் ஊருக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டார்.

அங்கே மேனேஜருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் பட்டினி இறங்கவில்லை. காலை ஆறரைக்குச் சுவர்ப்பக்கம் வந்து நிற்கும். கால்மணி நேரம் பார்க்கும். பிறகு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். டாக்டர் குழாய் வழியாக மீன் கூழ் கொடுத்தார். சத்து மாத்திரையை இரட்டிப்பாக்கினார். மீன் அண்ணன் தன் கைராசியையெல்லாம் காட்டி, கடைசியில் தானே அறிவித்துப் பார்த்தார். "பயணிகளே, மீன் வந்துருச்சு!" மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தது. தற்காலிக ஊழியரைப் பார்க்கிற பார்வை.

நான்காம் நாள் டாக்டர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையைப் பிசைந்தார். அவர் கையைப் பிசைந்து நான் பார்த்ததில்லை.

"உங்க மாமனாருக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"சளி சுத்தமாப் போயிடுச்சு. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"குரல்?"

"குரல் இருக்கு. வெளிய வரல."

"தீ ஒத்திகைக்கு வாங்குன ஒலிபெருக்கி ஒண்ணு சும்மா கிடக்கு" என்றார் டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதைத் தொட்டிப் பக்கம் மாட்டி, மைக்கை ரொம்பத் தூரத்துல வெச்சா, தும்மல் எட்டாது, பேச்சு எட்டும். இருக்கிறதுலயே தூரமான ரூம் இதுதான்."

மாமா முதலில் மறுத்தார். "வேணாம்மா, நான் செஞ்சது போதும்" என்றார். டாக்டரே தொலைபேசியில் கூப்பிட்டு, பத்து நிமிடம் பேசி, கடைசியில் "உத்தரவுன்னு வெச்சுக்கோங்க" என்றதும்தான் இறங்கினார். மறுநாள் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முகக்கவசத்தோடு என் அறைக்கு வந்தார். மீன் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைக்கை ஒரு விரலால் தட்டினார். அந்த ஒரு தட்டிலேயே ஆள் பத்து வயது குறைந்துவிட்டார்.

"முகக்கவசத்தோட பேசுனா உச்சரிப்பு கெட்டுரும்மா."

"மாமா."

"சரி, சரி."

பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று அவர் தொடங்கியதும் உறைபெட்டி முனகலை நிறுத்தியது. தற்செயல்தான், ஆனால் நடந்தது. சன்னல் வழியாக மீன் அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவது தெரிந்தது. முதல் மீன் போய்விட்டது. இரண்டாவதும் போயிற்று. ஐந்தாவதுக்குப் பிறகு அவர் எண்ணுவதை விட்டுவிட்டு நடனம்போல எதையோ ஆடினார்.

அதற்கப்புறம் தினமும் காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்கும் என் அறை மாமாவுக்கு. நான் குழாய்களையும் குச்சிகளையும் வைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கி உட்காருவேன். மேனேஜரின் மூக்கிலிருந்து எடுத்த இரண்டாவது மாதிரியைப் படித்தபோது இன்னும் ஒரு எழுத்து மாறியிருந்தது. வைரஸ் தொண்டையைப் பற்றிக்கொள்ள உதவும் பகுதியில். ஒரே ஒரு எழுத்து. அது எதற்கும் அர்த்தம் இல்லாததாகவும் இருக்கலாம், சீலின் வீட்டுச் சாவிக்கு முதல் பல் வெட்டியதாகவும் இருக்கலாம். அந்த எழுத்தை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். பக்கத்தில் மாமா தண்ணீர் குடித்துவிட்டு, "என்னம்மா, பிழையா?" என்றார். "ஆமா மாமா, இதோட நின்னுரணும்" என்றேன். நின்றது. அடுத்த மூன்று மாதிரியிலும் வைரஸ் இல்லை. மற்றப் பதினோரு சீல்களுக்கும் எதுவும் இல்லை. பின்வாசல் சுவரை ஆள் உயரத்துக்குக் கட்டினோம். டாக்டர் அறிக்கையில் சத்து மாத்திரைப் பத்தியை அடித்துவிட்டு, பசிக்கான காரணம் ஆராயப்பட்டு வருகிறது என்று எழுதினார்.

மேனேஜரைக் கடலில் விட்ட அன்று மாமா கயிற்றுக்கு அப்பால் மற்றவர்களோடு நின்றார். கூண்டு திறந்ததும் மேனேஜர் வெளியே வந்து, மணலில் நின்று, எங்களை ஒவ்வொருவராக மேலும் கீழும் பார்த்தது. பிறகு வயிற்றால் துள்ளித் துள்ளிப் போய் ஓர் அலைக்குள் நுழைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மாமா கடலைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். நான் திரும்பிப் பார்த்தேன். "இது அழுகைம்மா, குச்சியை எடுக்காத" என்றார்.

எட்டு மாதம் கழித்து நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தது. மனிதரிடமிருந்து சீலுக்கு ஃப்ளூ போன வழியை எழுத்து எழுத்தாகத் தொடர்ந்து காட்டியது என்று நாலு பேர் பாராட்டினார்கள். கட்டுரையில் பெயர் போட முடியாது. நபர் ஒன்று, நபர் இரண்டு, நபர் மூன்று, அவ்வளவுதான்.

மாமா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படித்தார். எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் ஏன் ரெண்டு?"

"சளி எனக்குத்தான் முதல்ல வந்துச்சு மாமா. நான் ஒண்ணு."

"வயசுல மூத்தவன் நான்."

"வைரஸுக்கு அதெல்லாம் தெரியாது."

"சரி, அதை விடு. அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்க?" என்று படித்தார். குரல் மெல்ல மெல்ல ரயில் நிலையமாக மாறியது. "நபர் இரண்டு, வீட்டின் மூத்த உறுப்பினர், அறிகுறிகள் இருந்ததை மறுத்தவர். மறுத்தவரா? ஊர் உலகமெல்லாம் படிக்கும்மா இதை!"

"டாக்டர் எழுதினது மாமா."

"மாத்தச் சொல்லு. தூசின்னு நினைச்சவர்னு போடச் சொல்லு."

"அச்சாயிடுச்சே."

சமையலறையில் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைக் கீழே போட்டார். மாமா அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு, கட்டுரையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரொம்பக் கோபம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்க்கில் அவரைப் பார்த்த கீழ்வீட்டுக்காரர் சொன்னார், அதில் பதினைந்து நகல் எடுத்து வந்திருந்தாராம். நடக்க வந்த எல்லோருக்கும் ஒன்று கொடுத்து, நபர் இரண்டு என்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாராம். அடைப்புக்குறி இருந்த இடத்தில் மட்டும், பதினைந்திலும், பேனாவால் நன்றாகக் கறுப்படித்திருந்தாராம்.